எடுக்காத பொட்டலம்

நான் சீவிய மரம் என்று பட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரப்பர் பால் வெட்டுவதில் ஆளுக்கு ஆள் கை வேறு. என் கை கொஞ்சம் ஆழம். கோடு முடிகிற இடத்தில் உளி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிடும். அந்த இடம் ஆறும்போது கட்டைவிரல் அளவுக்கு ஒரு முண்டு புடைக்கும். அதற்காக வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் எத்தனையோ தடவை ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த முண்டு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, லாரியில் வந்து கிடந்த மரங்களில் இருந்தது.

அப்போது நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மில்லில் வேலை செய்தேன். எண்பதுகளின் தொடக்கம். பீடோர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் எண்ணெய்க்குச் செம்பனை போடுவதற்காக மரங்களைப் பகுதி பகுதியாகச் சாய்த்தார்கள். வரிசை வீடுகளான லயங்களில் இருந்த ஜனம் ஆளுக்கொரு பக்கம் போனது. நானும் என் மனைவி பாக்கியமும் பிள்ளைகளோடு ஈப்போவில் புந்தோங் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். அதுவரை ரப்பர் மரம் விறகுக்குத்தான் போகும். அதில் நாற்காலி மேசை செய்யலாம் என்று அப்போதுதான் மில்லுக்குக் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். ரம்பத்துக்கு மரம் தள்ளுவது என் வேலை.

தள்ளினேன். ரம்பம் ஏறியதும் வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் கசிந்தது. சாய்த்துச் சில நாள்தான் ஆகியிருக்க வேண்டும். ரம்பத்தின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் மரத்தது. நெஞ்சு அடித்த அடியில் சட்டை ஆடியது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. பின்னால் யாரோ நின்று என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பினேன். லாரிதான் நின்றது. தோட்டத்தில் ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசையை நிரை என்போம். என் நிரை அந்த லாரியில் படுத்துக் கிடந்தது.

சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் வேலை செய்த ஆ ஹெங் ரம்பத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"சன்னாசி, லு சாகிட் கா?"

உடம்பு சரியில்லையா என்று கேட்கிறான். நெஞ்சைக் காட்டினேன். மில் முதலாளி தவுக்கே தன் வண்டியிலேயே என்னை ஏற்றிப் பெரியாஸ்பத்திரியில் விட்டார்.

நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். இருதயம் அடிப்பதை ஒரு நீளத் தாளில் கோடாகப் போட்டுக்கொண்டே வரும். அதைப் படித்த நர்ஸ் தமிழ்ப் பெண். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம்.

"இருதயம் நல்லா இருக்கு அண்ணே. குதிர மாதிரி ஓடுது."

"அப்புறம் ஏன் மிஸ்ஸி செத்துப்போற மாதிரி இருக்கு?"

"அத டாக்டர்கிட்ட கேளுங்கலா. நான் ஊசி குத்துற ஆளு."

வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரமே பஸ்ஸில் மறுபடி வந்தது. பிறகு மார்க்கெட்டில், கோயில் வரிசையில், முடி வெட்டுகிற கடையில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தபோது. ஒவ்வொரு தடவையும் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அது நின்றுவிடும். நல்ல மனிதனாக நின்று பேர் சொல்வேன். அங்கே இருந்த காவலாளிக்கு என் முகம் பழகிவிட்டது. பெஞ்சில் இடம் காட்டுவான்.

எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள். கை ஒடிந்தவன் கட்டோடு நடக்கிறான், எல்லோரும் கேட்கிறார்கள். இந்த நோய்க்காரனை யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடைசியில் வார்டில் படுக்கவைத்துச் சோதித்தார்கள். இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது கூடுதலாகச் சுரந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்குமாம். அதையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நோய் இல்லை என்றால் மனிதன் சந்தோஷப்பட வேண்டும். எனக்குப் பயம் கூடியது. பேர் இல்லாத ஒன்று உடம்புக்குள் நடமாடுகிறது என்றுதான் பட்டது.

பாக்கியம் தினமும் சாயங்காலம் ரசம் சோறு கொண்டுவருவாள். வார்டில் சோறு தருகிறார்கள் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். நான் சாப்பிடும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அமுக்க மாட்டாள். பிடித்துக்கொண்டு மட்டும் இருப்பாள். நெஞ்சுப் பதற்றம் அடங்கியிருந்த நேரம் அதுதான்.

அந்த வார்டில் ஒரு விடியலில் எனக்குப் பெரட்டு மணி கேட்டது. தோட்டத்தில் விடியுமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கணக்கு எழுதுகிற கிராணி பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. அதற்கு ஆள் சேர்க்க, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் வேறு எந்தச் சத்தம் போலவும் இருக்காது. நான் எழுந்து கட்டில் பக்கத்தில் நேராக நின்றிருக்கிறேன். மிஸ்ஸி வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

"எங்க போறீங்க?"

"மணி அடிச்சாங்களே."

"தட்டு விழுந்திருக்கும். படுங்க."

தட்டு எதுவும் கீழே கிடக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் ஒரு டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண். மனநோய் பார்ப்பவர். கூட அந்தோணி என்ற டிரஸ்ஸர். டாக்டருக்கு உதவியாக மருந்து, கட்டு எல்லாம் பார்ப்பவர்களை டிரஸ்ஸர் என்போம். அந்தோணியும் தோட்டத்துப் பிள்ளைதான், பாகான் செராய் பக்கம். டாக்டர் மலாயில் சொல்ல, அவர் தமிழில் சொன்னார்.

"அண்ணே, ஒங்களுக்கு வந்திருக்கிறது பயங்கிற நோவு. மனசுல பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம் இல்ல. ஒடம்புல ஆபத்துக்கு அடிக்கிற மணி ஒண்ணு இருக்கு. அது ஒங்களுக்கு ஆபத்து இல்லாமலே அடிக்குது. அவ்வளவுதான்."

"பைத்தியமா?"

"இல்ல."

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புவீங்களா?"

அது ஓர் ஊர். பெரிய மனநோய் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் எங்கள் ஆட்கள் அதை ஊர்ப் பேராகச் சொல்வதில்லை, ஏச்சாகத்தான் சொல்வார்கள். அந்தோணி அதை மலாயில் டாக்டரிடம் சொல்லவே இல்லை.

"அங்க போறவங்களும் மனுசங்கதான். நீங்க போக வேண்டியதில்ல. வீட்ல இருந்தே பாக்கலாம். மூணு வழி இருக்கு, கேளுங்க."

முதல் வழி சின்ன மஞ்சள் மாத்திரை. போட்டால் அரை மணியில் பதற்றம் அடங்கும். ஆனால் தூக்கம் வரும். உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், பிறகு விடுவது கஷ்டம். இரண்டாவது வேறு மாத்திரை. உடனே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் வேலை செய்யும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், முதலில் கொஞ்சம் மோசமானதுபோலக்கூட இருக்கும். மூன்றாவதற்கு மருந்து இல்லை. மூச்சை மெதுவாக விடப் பழக வேண்டும், எதைக் கண்டால் பயமோ அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார்.

நான் முதல் வழியைக் கேட்டேன். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது என்றேன். டாக்டர் கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

மஞ்சள் மாத்திரை நல்ல மாத்திரை. பொய் சொல்லக் கூடாது. அது உள்ளே இறங்கும்போது யாரோ நெஞ்சின் மேல் வெதுவெதுப்பான கையை வைப்பதுபோல் இருக்கும். மில்லுக்குப் போனேன். முண்டு உள்ள மரம் வந்தாலும் தள்ளினேன். ஒரு நாள் தள்ளிக்கொண்டே கண் அசந்திருக்கிறேன். ஆ ஹெங் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ரம்பம் என் சட்டையின் கைப்பட்டியைத்தான் கொண்டுபோனது.

தவுக்கே அன்றே என்னைப் பலகை அடுக்குகிற பக்கம் மாற்றினார். அங்கே சம்பளம் குறைவு. மாத்திரையும் பழையபடி கேட்கவில்லை. ஒன்று போட்ட இடத்தில் இரண்டு போட்டேன். கொஞ்ச காலம் என்று சொன்னது மாதக்கணக்கில் போனது. அந்தோணி அடுத்த வழிக்கு மாறச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மச்சான் மாணிக்கம் வந்தான். பாக்கியத்தின் அண்ணன். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருந்தான். தோட்டம் போனாலும் கோயில் இருந்தது. கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் பழைய ரப்பர் மரங்களை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். வருசத்துக்கு ஒருமுறை எல்லோரும் எங்கெங்கோ இருந்து வந்து திருவிழா எடுப்பார்கள்.

"என்ன மச்சான், தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கியா?"

"நீ ஏறு. எனக்கு எடம் போட்டு வை."

அவன் சிரித்தான். பாக்கியம் சிரிக்கவில்லை. அவள்தான் அவனை வரச் சொல்லியிருக்கிறாள்.

"அவரு வெட்டுன மரம் அவரு முன்னாடியே வந்து பால் விட்டிருக்குண்ணே. இது ஆஸ்பத்திரி நோவு இல்ல. தாயி கூப்புடுறா."

"காப்பு கட்டிக்க மச்சான்," என்றான் மாணிக்கம். "திருவிழா முடிய வெரதம் இரு. தானா போயிரும்."

காப்பு என்பது மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு. அதைக் கட்டினால் கறி மீன் கூடாது, சாவு வீடு கூடாது. ஆஸ்பத்திரி மருந்தும் கூடாது என்பது எங்கள் தோட்டத்துப் பூசாரி வைத்த கட்டு. மாத்திரையை விட எனக்கு மனமில்லை. மாத்திரையோடு வாழவும் மனமில்லை. பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள் பாக்கியம்.

எங்கள் கோயிலில் அதை இப்படிச் செய்வார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், வாழையிலைத் துண்டில் வைத்து நூலால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கட்டுவது வீட்டுப் பெண். எடுப்பது நோயாளி. எடுத்ததைப் பூசாரி பிரித்துக் காட்டுவார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அப்படியே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

சிவப்பு வந்தால் காப்பு, வெள்ளை வந்தால் மருந்து என்று சொல்லிக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். பாக்கியம் கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். நான் எடுத்தேன். சிவப்பு அரளி. மாணிக்கம் கையெடுத்துக் கும்பிட்டான். பூசாரி காப்பு கட்டினார். பாக்கியம் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். வர நேரமானது.

அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன். அந்தோணியிடம் சொல்லவில்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் தூக்கம் இல்லை. அதற்குப் பிறகு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தோலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தால் காது வலித்தது. சுவர்கள் நான் பார்க்காதபோது கொஞ்சம் நகர்ந்துவிட்டுப் பார்க்கும்போது நின்றுகொள்வதுபோல் இருந்தது. கை நடுங்கியது. பாக்கியம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

திருவிழா நாள் நல்ல வெயில். பஸ் இறங்கித் தோட்டத்துக்குள் நடந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களுக்குக் கதவு இல்லை. ஆடுகள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தன. இடுப்பு உயரத்துக்குச் செம்பனை கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றது. அவற்றுக்கு நிழல் இல்லை. கோயிலைச் சுற்றி மட்டும் பழைய மரங்கள், பழைய இருட்டு. ரப்பர் கொட்டைகள் வெயிலில் வெடிக்கிற காலம் அது. எங்கோ ஒன்று படார் என்று வெடிக்கும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. யாரோ விரலைச் சொடுக்கி ஆளை எண்ணுவதுபோல் இருந்தது.

உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். என் கையில் வேப்பிலை கொடுத்தார்கள். சூடத்தின் வாசனை, கால் தரையில் இல்லாததுபோல் ஒரு லேசு. ஒரு கொட்டை வெடித்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது பெரியாஸ்பத்திரி. நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. கையில் ஊசி வழியாகத் தண்ணி ஏறிக்கொண்டிருந்தது. காப்பு அறுந்திருந்தது. பாக்கியம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒங்களுக்கு அருள் வந்துச்சு."

"அப்புறம்?"

அவள் போர்வையை என் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"நீங்க பெரட்டு எடுத்தீங்க."

"என்ன?"

"பேரு கூப்புட்டீங்க. நம்ம பெரிய கிராணி கூப்புடுற மாதிரியே. ஒங்க கொரலு இல்ல அது. மொதல்ல அஞ்சலைன்னீங்க. அஞ்சலையக்கா கூட்டத்துல நின்னுச்சு. பயந்துபோயி, இருக்கேன் சாமின்னுச்சு. அப்புறம் வேலாயி. அப்புறம் சின்னப்பையன். வரிசையா, பழைய வரிசையிலயே."

"சின்னப்பையன் செத்துட்டானே."

"செத்தவங்க பேரையும் விடல. கூப்புட்டுட்டு நின்னீங்க. கிராணி பென்சில வச்சிக்கிட்டு நிப்பாரே, அதே மாதிரி. யாரும் மூச்சு விடல. அப்புறம் அடுத்த பேரு. பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க."

"கடைசியா?"

"கடைசியா சன்னாசின்னீங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"யாரும் பதில் சொல்லல. மறுபடி கூப்புட்டீங்க. மறுபடியும் யாரும் சொல்லல. அப்பதான் விழுந்து இழுத்துச்சு. வாயில நுரை."

பெரிய கிராணி செத்துப் பல வருசம். அவர் பேர் கூப்பிட்ட வரிசை எனக்குத் தெரியாது. தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அந்தோணி வந்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

"சாமி வந்துச்சா, மருந்து நின்னதால வந்துச்சான்னு நான் ஒங்ககிட்ட சண்டை போட மாட்டேன் அண்ணே. அது என் வேலை இல்ல. ஆனா இந்த மஞ்சள் மாத்திரைய மாசக்கணக்குல சாப்புட்டுட்டுத் திடீர்னு விட்டா ஒடம்பு ஆடும், இழுப்பு வரும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். இந்த தடவை எழுந்திரிச்சிட்டீங்க."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவைன்னு பேசாதீங்க."

மறுநாள் மாணிக்கமும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். மாணிக்கம் என்னை மச்சான் என்று கூப்பிடத் தயங்கினான். அது எனக்கு நோயைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஜனம் பூரா ஒன்னயத்தான் கேக்குது. தோட்டம் வித்ததுக்கு அப்புறம் நம்ம பேர எவன் கூப்புட்டான்? தாயி கூப்புட்டிருக்கா, ஒன் வாயால. இனிமே வருசா வருசம் நீதான் நிக்கணும்."

"மாத்திரை?"

"மாத்திரை போட்டா தாயி எப்படி வருவா?"

 அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யோசிச்சுப் பாரு. பைத்தியம்னு பேரு வாங்குறதுக்கு சாமின்னு வாங்கிட்டுப் போயேன்."

அதில் ஞாயம் இருந்தது. மறைக்கவில்லை. என் நோய்க்கு ஆஸ்பத்திரியில் வைத்த பேரைச் சொன்னால் ஜனம் ஒதுங்கும். கோயிலில் வைத்த பேரைச் சொன்னால் காலில் விழும். இரண்டும் ஒரே நடுக்கம்தான். அவர்கள் போனபின் ஆரஞ்சை உரித்துப் பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவுக்குப் பாதி கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

கடைசியாகக் கூப்பிட்ட பேருக்குப் பதில் வரவில்லை என்று பாக்கியம் சொன்னது என்னை விடவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. எங்கே இருந்தேன்?  அன்று சாயங்காலம் அந்தோணியிடம் சொன்னேன், ரெண்டாவதும் மூணாவதும் சேத்துப் பாக்கலாம் என்று.

மஞ்சள் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் மறுபடி கொடுத்தார்கள். முழுசை முக்கால் ஆக்கி, அரை ஆக்கி, கால் ஆக்கி, மாதங்கள் எடுத்துக் குறைத்தார்கள். இரண்டாவது வழியான மெதுவான மாத்திரையையும் தொடங்கினார்கள். வாய் பஞ்சுபோல் ஆனது. சோறு தொண்டையில் நின்றது. பாக்கியம் எல்லாவற்றையும் குழம்பாகக் கரைத்துக் கொடுத்தாள். முதல் வாரங்களில் ஒன்றும் தெரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, பயப்பட மறந்துவிட்டேன் என்று கவனித்தேன். அவ்வளவுதான். பெரிதாக மணி ஒன்றும் அடிக்கவில்லை.

மூச்சுப் பழக்கம் அந்தோணி சொல்லித் தந்தது. இழுப்பது பெரிசில்லை, விடுவதுதான் வேலை. கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல் நீளமாக விட வேண்டும். மரத்துக்குப் பக்கத்தில் போகிற பாடம்தான் கஷ்டம். முதலில் மில் கேட் வரை போய்த் திரும்பினேன். பிறகு லாரி நிற்கும் இடம். பிறகு மரத்தைத் தூரத்தில் இருந்து பார்ப்பது. அந்தோணி தன் லீவு நாளில் கூட வந்து, ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றார்.

"வந்து ஒக்காருங்கண்ணே. கடிக்காது."

உட்கார்ந்தேன். முண்டு என் தொடைக்குக் கீழே உறுத்தியது. நெஞ்சு ஓடியது. ஓடட்டும் என்று விட்டார். எழுந்து போகக் கூடாது, அது தானாக அடங்கும்வரை இருக்க வேண்டும் என்பதுதான் பாடமாம். அடங்க நேரமானது. கச்சான் தீர்ந்துவிட்டது. அடங்கியது.

வருசம் சுற்றுவதற்குள் தவுக்கே என்னை ரம்பத்துக்குத் திருப்பி எடுத்தார். முண்டு உள்ள மரத்தைத் தூக்கம் இல்லாத கண்ணோடு தள்ளினேன். பால் வந்தது. துடைத்துவிட்டு அடுத்ததைத் தள்ளினேன்.

என் அனுபவத்தில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எது நல்லது என்று எனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேட்க வேண்டும். தொடங்கும்போது கேட்க வேண்டும், நிறுத்தும்போதும் கேட்க வேண்டும். நிறுத்தும்போது கேட்கத்தான் நம் ஆட்கள் மறந்துபோகிறார்கள்.

திருவிழா திரும்ப வந்தது. மாணிக்கம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்களாம். பெரட்டில் தன் பேரைக் கேட்க வேண்டும் என்று அஞ்சலையக்கா சிங்கப்பூர் மகள் வீட்டில் இருந்தே வருகிறதாம்.

"மாத்திரைய நிறுத்த மாட்டேன்," என்றேன்.

"நீ சொன்னா கமிட்டி கேக்குமா? ஜனம் கேக்குமா?"

"அப்ப பூக்கட்டிப் பாருங்க," என்றாள் பாக்கியம். அடுப்படியில் நின்று சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

 பூ சொன்னதை மீறுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சிவப்பு வந்தால் மெதுவான மாத்திரையையும் விட வேண்டும். விட்டால் அந்த வரிசையில் மறுபடி நிற்க வேண்டும், பதில் வராத பேரோடு. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பாக்கியம் கறிவேப்பிலையைத் தாளித்தாள். அந்தச் சத்தத்தில் விட்டுவிட்டேன்.

கோயிலில் ஜனம் எக்கச்சக்கம். மரங்களுக்குக் கீழே பழைய பெரட்டு வரிசைபோலவே நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. கொட்டைகள் வெடித்தன. உறுமிக்காரர் தோலைச் சூடு காட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். பாக்கியம் கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அம்மன் காலடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூச்சை நீளமாக விட்டேன். இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். பூசாரி நூலை அவிழ்த்தார்.

வெள்ளை. நந்தியாவட்டை.

பூசாரி அதைத் தூக்கிக் காட்டினார்.  மாணிக்கம் என் தோளில் கை வைத்து, "சரி மச்சான்," என்றான். மச்சான் என்று அவன் சொன்னது எனக்கு நன்றாக இருந்தது. உறுமி அடித்தார்கள். நான் நின்றேன். எனக்குள் ஒன்றும் வரவில்லை. அடி ஓய்ந்தபின் அஞ்சலையக்கா பக்கத்தில் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தது.

"தாயி இனிமே பேரு கூப்புட மாட்டாளா தம்பி?"

"தெரியலக்கா."

அது இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

எடுக்காத பொட்டலத்தை ஓடையில் விட இந்தத் தடவை நானே போனேன். பாக்கியம் கொஞ்சம் தயங்கித்தான் கையில் கொடுத்தாள். செம்பனைக்கு நடுவே ஓடை ஒடுங்கிப்போயிருந்தது. நான் பிரிக்கவில்லை. சொன்னபடி அப்படியே தண்ணீரில் வைத்தேன். நூல் சரியாக இறுக்கவில்லைபோல. ஒரு கல்லில் முட்டியதும் இலை தானாக விரிந்தது.

உள்ளே நந்தியாவட்டை. அதுவும் வெள்ளை.

பூ தனித்தனியாகப் பிரிந்து செம்பனைகளுக்கு நடுவே மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருசம் சிவப்பு வந்த அன்று மற்றப் பொட்டலத்தைக் கொண்டு இதே ஓடைக்கு வந்தவள் திரும்ப நேரமானது ஞாபகம் வந்தது. அதையும் அவள்தான் கட்டினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கொட்டை வெடித்தது. நான் திரும்பவில்லை.

கோயிலுக்கு வந்தேன். பாக்கியம் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் தண்ணீரும் மாத்திரையும்.

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"கட்டு அவுரலயே?"

"அவுரல."

அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். மாத்திரையை வாயில் போட்டு, எல்லோர் முன்னாலும் விழுங்கினேன்.